எச்-இண்டெக்ஸ் 12, சரி. எங்கே பார்த்தது?

உதவிப் பேராசிரியர் பணிக்கு வரும் விண்ணப்பங்களில் இப்போதெல்லாம் 'எச்-இண்டெக்ஸ்: 12' என்றொரு வரி தவறாமல் இருக்கிறது. அதாவது, தலா 12 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் அவருக்கு 12 உண்டு. அந்த எண்ணை எந்தத் தளத்தில் எடுத்தார்கள் என்பது மட்டும் இருப்பதில்லை. தளத்தைச் சொல்லாத எச்-இண்டெக்ஸால் யாருக்கும் பிரயோஜனமில்லை.

ஒருவருக்கு ஏழு கட்டுரைகள் என்று வைத்துக்கொள்வோம். கூகுள் ஸ்காலரில் அவற்றுக்கு வந்த மேற்கோள்கள் 42, 19, 9, 6, 5, 3, 1. மேலிருந்து எண்ணிக்கொண்டே வந்தால் ஐந்தாவது கட்டுரைக்கு 5 மேற்கோள் இருக்கிறது, ஆறாவதுக்கு 3-தான். ஆகவே எச்-இண்டெக்ஸ் 5. அதே ஆளை ஸ்கோபஸில் தேடினால் இரண்டு கட்டுரைகளைக் காணோம். மீதி ஐந்துக்கு 21, 11, 5, 3, 2 என்று இருக்கிறது. இங்கே எச்-இண்டெக்ஸ் 3. ஆளும் மாறவில்லை, எழுத்தும் மாறவில்லை. எண்ணுகிற இடம்தான் வேறு.

கூகுள் ஸ்காலர், ஸ்கோபஸ் இரண்டும் 2004 நவம்பரில் வெளிவந்தவை. போக்கு மட்டும் நேர் எதிர். கூகுள் ஸ்காலர் ஒரு தேடுபொறி. ஆய்வுக் கட்டுரை மாதிரித் தெரிகிற எதையும் சேர்த்துக்கொள்ளும்: இதழ்க் கட்டுரை, ஆய்வேடு, மாநாட்டு மலர், புத்தகம், பல்கலைக்கழகத் தளத்தில் கிடக்கும் பிடிஎஃப். எல்ஸ்வியர் நிறுவனத்தின் ஸ்கோபஸோ இதழ்களைத் தேர்வு செய்து உள்ளே விடுகிறது. தரம் சரிந்தால் வெளியேயும் தள்ளுகிறது.

பரப்பில் கூகுள் ஸ்காலரை மற்றவை நெருங்கவே முடியாது. அதிக மேற்கோள் பெற்ற 2,299 ஆவணங்களை வைத்து 2018-ல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் தலைமையில் ஓர் ஒப்பீடு நடந்தது. கிடைத்த மேற்கோள்களில் எல்லாத் துறைகளிலும் 93 முதல் 96 விழுக்காடு வரை கூகுள் ஸ்காலரில் இருந்தன. துறையைப் பொறுத்து ஸ்கோபஸில் 35 முதல் 77, வெப் ஆஃப் சயின்ஸ் என்ற மூன்றாவது தளத்தில் 27 முதல் 73. அடிமட்ட எண்கள் மனிதவியல் துறைகளுடையவை. வரலாறு, இலக்கியம் படித்தவருக்கு ஸ்கோபஸ் எண் சின்னதாக இருந்தால், பாதிக் காரணம் அவரில்லை.

ஆனால் கதவில்லாத வீட்டில் யாரும் நுழையலாம். 2010-ல் பிரான்சின் க்ரெனோபிள் நகர ஆய்வாளர் சிரில் லாபே, அர்த்தமில்லாத கட்டுரைகளை உற்பத்தி செய்யும் மென்பொருளைக் கொண்டு 'ஐக் ஆன்ட்கரே' என்ற கற்பனை விஞ்ஞானியை உருவாக்கினார். ஒன்றையொன்று மேற்கோள் காட்டும் போலிக் கட்டுரைகளாலேயே அந்த ஆளின் எச்-இண்டெக்ஸ் 94-க்குப் போனது. 2024-ல் ரீஸ் ரிச்சர்ட்சன், நிக் வைஸ் என்ற இருவர் லாரி என்ற பூனையை இதே வழியில் எச்-இண்டெக்ஸ் 11-க்குக் கொண்டுபோனார்கள். நம்மூரில் புரமோஷனுக்குக் காத்திருக்கும் எத்தனையோ பேரை அந்தப் பூனை முந்திவிட்டது.

வேண்டுமென்று யாரும் ஏமாற்றாவிட்டாலும் கூகுள் ஸ்காலர் பக்கம் தானாகவே வீங்கும். 'கட்டுரைகளைத் தானாகச் சேர்' என்ற அமைப்பை அப்படியே விட்டுவைத்தால், அதே பெயருள்ள வேறொருவரின் இதயநோய்க் கட்டுரை சிவில் இன்ஜினியரிங் ஆசிரியரின் பட்டியலில் வந்து உட்காரும். 'சேர்க்கும் முன் மின்னஞ்சலில் கேள்' என்று மாற்றிவைப்பது நல்லது. யாராவது தங்கள் பக்கத்தைக் காட்டினால், மேலே இருக்கும் எண்ணை விட்டுவிட்டுப் பட்டியலின் அடிப்பகுதியைப் பாருங்கள். சம்பந்தமில்லாத சரக்கெல்லாம் அங்கேதான் கிடக்கும்.

மூன்றாவதான வெப் ஆஃப் சயின்ஸ் இவற்றுக்கெல்லாம் மூத்தது. யூஜின் கார்ஃபீல்ட் 1964-ல் வெளியிட்ட அறிவியல் மேற்கோள் அட்டவணையிலிருந்து வளர்ந்து, இப்போது கிளாரிவேட் நிறுவனத்திடம் இருக்கிறது. ஓர் இதழின் கட்டுரைகளுக்குச் சராசரியாக எத்தனை மேற்கோள் வருகிறது என்று காட்டும் இம்பாக்ட் ஃபேக்டர் இங்கிருந்து வருவதுதான். ஸ்கோபஸைவிடக் கறார், பரப்பு கொஞ்சம் குறைவு, சந்தா இல்லாமல் பெரிதாகப் பயன்படாது. கல்வி நிறுவனங்களின் தேசிய தரவரிசையான என்ஐஆர்எஃப் ஸ்கோபஸையும் வெப் ஆஃப் சயின்ஸையும் பார்ப்பதால் கல்லூரி நிர்வாகங்களுக்கு இரண்டும் வேதவாக்கு. தனி ஆசிரியருக்கு ஸ்கோபஸ் போதும் என்பது என் எண்ணம். ஆசிரியர் பக்கத்தை அங்கே சந்தா இல்லாமலேயே பார்க்கலாம். பிழை இருந்தால் திருத்தமும் கேட்கலாம்.

திருத்தம் என்றதும் நம்முடைய பெரிய தலைவலிக்கு வந்துவிடுகிறோம். இந்தத் தளங்கள் எல்லாம் முதற்பெயர், குடும்பப் பெயர் என்ற கணக்கில் கட்டப்பட்டவை. நமக்கோ குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். அப்பா பெயர் சுப்பிரமணியன், தன் பெயர் முருகன் என்று ஒருவர் இருக்கிறார் என்று வையுங்கள். எம்.ஃபில். காலத்துக் கட்டுரையில் 'எஸ். முருகன்'. அடுத்ததில் 'முருகன் எஸ்.' பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதிய பிறகு வெளிநாட்டு இதழில் 'முருகன் சுப்பிரமணியன்'. இந்தக் கடைசி வடிவத்தை உலகம் எப்படி மேற்கோள் காட்டும்? 'சுப்பிரமணியன் எம்., 2019' என்று. உழைத்தது மகன், பெயர் அப்பாவுக்கு. ஸ்கோபஸ் இவர்களை மூன்று தனி ஆட்களாக எடுத்துக்கொண்டு மூன்று அடையாள எண்கள் தரக்கூடும். மேற்கோள்கள் மூன்றாகச் சிதறினால் எச்-இண்டெக்ஸ் சரியும். அதே நபர்தான் என்று விண்ணப்பித்து இணைக்கச் சொல்ல வேண்டும். கூகுள் ஸ்காலரில் ஊரிலுள்ள முருகன்கள் எல்லாம் ஒருவராகிவிடும் அபாயம். ஸ்கோபஸில் ஒரே முருகன் பலராகும் அபாயம்.

இதற்கு மருந்து, ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனி அடையாளமாகத் தரப்படும் ஆர்கிட் எண். 2012 அக்டோபரில் தொடங்கிய இலவச ஏற்பாடு; பதினாறு இலக்கம். கட்டுரை அனுப்பும்போதே அதைக் கொடுத்துவிட்டால் பெயரை எப்படி எழுதினாலும் ஆள் தொலையமாட்டார். ஆய்வு மாணவர் முதல் கட்டுரையை அனுப்பும் முன்பே ஆர்கிட் எடுத்து, பெயரின் ஒரு வடிவத்தை முடிவு செய்து, ஓய்வு பெறும்வரை அதையே எழுத வேண்டும். திருமணத்துக்குப் பின் இனிஷியலை மாற்றும் பெண்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

சரி, தளம் போகட்டும். அளவுகோலுக்கு வருவோம். எச்-இண்டெக்ஸை 2005-ல் முன்வைத்தவர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாக இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ். இருபது ஆண்டுப் பணிக்குப் பின் 20 இருந்தால் வெற்றிகரமான விஞ்ஞானி, 40 இருந்தால் மிகச் சிறந்தவர் என்று அவர் சொன்னது இயற்பியலாளர்களை மனதில் வைத்து. அதை எடுத்துக்கொண்டுபோய்க் கணிதத் துறை ஆளையும் மருத்துவரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறோம். கணிதத்தில் கட்டுரையும் குறைவு, மேற்கோளும் குறைவு. அதனாலேயே அங்கே எண்ணை ஏற்றிக் காட்டுவதும் சுலபம். கிளாரிவேட் 2023-ல் வெளியிட்ட அதிக மேற்கோள் பெற்றவர்கள் பட்டியலில் கணிதத் துறையையே விட்டுவிட்டது. ஹிர்ஷும் 2020-ல் தன் அளவுகோல் படுமோசமாகத் தவறிப்போகக்கூடும் என்று எழுதிவிட்டார்.

மொத்த மேற்கோள் எண்ணிக்கைக்கும் எச்-இண்டெக்ஸுக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் சொன்ன ஏழு கட்டுரைகளிலேயே பார்க்கலாம். முதல் கட்டுரையின் 42 மேற்கோள் நாளைக்கே 4,200 ஆனாலும் எச்-இண்டெக்ஸ் 5-தான். துறையையே புரட்டிப்போட்ட ஒரு கட்டுரை அதன் கண்ணில் படாது. மொத்த எண்ணிக்கை அதைக் காட்டும். ஆனால் பிறர் ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் ஒரு மறுஆய்வுக் கட்டுரையில் கடைசிப் பெயராக ஒட்டிக்கொண்டவரையும் அதே உயரத்தில் காட்டும்.

பட்டியல் என்றால் நம் பத்திரிகைகளுக்குப் பிடித்தது 'உலகின் தலைசிறந்த 2 விழுக்காடு விஞ்ஞானிகள்'. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் அயோனிடிஸும் சகாக்களும் 2019 முதல் ஸ்கோபஸ் தரவில் தயாரிப்பது அது. கேலி செய்ய வேண்டிய பட்டியலில்லை. ஆறு அளவுகளைச் சேர்க்கிறது: மொத்த மேற்கோள், எச்-இண்டெக்ஸ், இணையாசிரியர் எண்ணிக்கைக்கேற்பத் திருத்திய எச்-இண்டெக்ஸ், பிறகு தனியாசிரியராக, முதல் ஆசிரியராக, கடைசி ஆசிரியராக நின்ற கட்டுரைகளின் மேற்கோள்கள். கூட்டத்தோடு கூட்டமாக வந்தவர் இதில் இறங்கிவிடுவார். தன்னைத் தானே மேற்கோள் காட்டியதைக் கழித்தும் ஒரு வரிசை உண்டு. அந்தத் தரவிலிருந்து 2019-ல் நேச்சர் இதழ் எடுத்துப்போட்ட முதல் உதாரணமே சென்னையில் ஒரு தனியார் தொழில்நுட்ப நிறுவனத்து ஆய்வாளர். 2017 வரை அவருக்கு வந்த மேற்கோள்களில் 94 விழுக்காடு அவரும் அவருடைய இணையாசிரியர்களும் போட்டவை. பட்டியல் முழுக்கப் பார்த்தால் இந்தச் சுயமேற்கோளின் இடைநிலை அளவு 12.7 விழுக்காடு.

குறை கல்லூரி வாசல் பேனரில்தான். வாழ்நாள் பட்டியல் ஒன்று, ஓராண்டுப் பட்டியல் ஒன்று என இரண்டு இருக்கின்றன. எதில் பெயர் வந்தது என்று பேனரில் போடுவதில்லை. ஓராண்டுப் பட்டியலில் வருவது வேறு, வாழ்நாள் பட்டியலில் வருவது வேறு.

கூட்டு முயற்சியை அளப்பதில்தான் எல்லாமே தடுமாறுகின்றன. ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி 2015-ல் வந்த கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். 33 பக்கத்தில் 24 பக்கம் பெயர்களும் நிறுவனங்களுமே. கூகுள் ஸ்காலரும் ஸ்கோபஸும் அத்தனை பேருக்கும் முழு மேற்கோளையும் கொடுக்கும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறை ஒரு கட்டுரைக்கான புள்ளியைப் பங்கு பிரிக்கப் பார்க்கிறது: இரண்டு ஆசிரியர் என்றால் ஆளுக்கு 70 விழுக்காடு, அதற்கு மேல் போனால் முதன்மை ஆசிரியருக்கு 70, மற்ற ஒவ்வொருவருக்கும் 30. கூட்டிப் பாருங்கள். தனியாக எழுதினால் 100, இருவர் எழுதினால் 140, ஐவர் எழுதினால் 190. நாலு பேரைச் சேர்த்துக்கொள் என்று விதியே சொல்லித்தருகிற மாதிரி இருக்கிறது. இணையாசிரியர் எண்ணிக்கையால் திருத்தும் அயோனிடிஸ் முறை இந்த இடத்தில் எவ்வளவோ மேல்.

யார் யாரோடு, எந்த நாட்டோடு சேர்ந்து எழுதுகிறார் என்று தெரிய வேண்டுமானால் ஓப்பன்அலெக்ஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தின் பக்கம் போகலாம். அதே மாதிரித் தளமான மைக்ரோசாஃப்ட் அகாடமிக் 2021 இறுதியில் மூடப்பட்ட கையோடு 2022 ஜனவரியில் வந்தது. தரவு முழுக்கத் திறந்தது, காசில்லை. பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகம் வெப் ஆஃப் சயின்ஸ் சந்தாவை நிறுத்திவிட்டு இதன் பக்கம் சாய்ந்திருக்கிறது. பெயர்க் குழப்பம் இங்கேயும் உண்டு. கூகுள் ஸ்காலரில் தெரியும் இணையாசிரியர் பட்டியலை நம்ப வேண்டாம். அவரவர் விரும்பிச் சேர்த்தது அது.

என்னைக் கேட்டால், விண்ணப்பத்தில் ஸ்கோபஸ் எண்ணைத் தேதியோடு போட்டு, பக்கத்திலேயே கூகுள் ஸ்காலர் எண்ணையும் எழுதலாம். அதன் கீழே தானே முக்கியம் என்று நினைக்கும் மூன்று கட்டுரைகளும், ஒவ்வொன்றிலும் தன் பங்கு என்ன என்று ஒரு வரியும். தேர்வுக்குழு அந்த மூன்றையாவது படிக்கலாம்.

தமிழ்த்துறைக்காரருக்கு இந்த யோசனையும் உதவாது. தமிழில் எழுதிய புத்தகத்தைத் தமிழில் எழுதிய இன்னொரு புத்தகம் மேற்கோள் காட்டினால் ஸ்கோபஸுக்குத் தெரிய வழியில்லை. கூகுள் ஸ்காலருக்கு அரைகுறையாகத் தெரியும். மிஞ்சுவது மானியக் குழுவின் அந்த 2018 அட்டவணைதான். அதில் மொழி, மனிதவியல் துறைகளின் ஆய்வுக் கட்டுரை ஒன்றுக்கு 10 புள்ளி. தேசிய அளவிலான பதிப்பகம் வெளியிட்ட புத்தகத்துக்கும் அதே 10. சுவடிகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடு குறித்து வருடக்கணக்கில் உழைத்த பதிப்பும், ஆறு பக்கக் கட்டுரையும் அங்கே ஒரே எடை.