முடக்குவாதக் கைக்கு ஸ்பிளிண்ட்டா, பயிற்சியா?

ஸ்பிளிண்ட் எனும் தாங்கியைப் போட்டுக் கையை அசைக்காமல் வைப்பதா, அசைத்துப் பழக்குவதா? முடக்குவாதம், அதாவது மூட்டுகள் வீங்கி வலிக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ், வந்த பலருக்கும் இதே குழப்பம்.

வலி
ஸ்பிளிண்ட்: மூட்டு வீங்கிச் சூடாக இருக்கும்போது இதமான ஓய்வு. வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் தகட்டை அவரவர் கைக்கேற்ப வளைத்துத் தருவார்கள். மணிக்கட்டு சற்றே நிமிர்ந்து, விரல்கள் தளர்வாக மடங்கியிருக்கும்.
பயிற்சி: உடனடி நிவாரணம் எதிர்பார்க்காதீர்கள்.

பலம்
ஸ்பிளிண்ட்: கூட்டாது. நாள் முழுக்கப் போட்டால் மூட்டு இறுகும், தசை இளைக்கும்.
பயிற்சி: இதன் அருமையே இங்கேதான். கட்டைவிரலால் ஒவ்வொரு விரல்நுனியையும் தொடுவது, மென்மையான களிமண்ணைப் பிசைவது என்று தொடங்கி, மெல்ல மெல்லக் கடினமாக்குவார்கள். 490 பேர் பங்கேற்ற பிரிட்டன் ஆய்வு 2015இல் வெளியானது. பயிற்சி செய்தவர்களின் கை ஓராண்டுக்குப் பிறகும் மற்றவர்களைவிட நன்றாக இயங்கியது. இதைப் பலர் அலட்சியப்படுத்துவது வருத்தமாக இருக்கிறது.

செலவு
ஸ்பிளிண்ட்: வீக்கம் மாறினால் திருத்த வேண்டும்.
பயிற்சி: செலவு குறைவு, விடாமுயற்சிதான் வேண்டும்.

வீக்கம் உச்சத்தில் இருந்தால் இரவில் ஸ்பிளிண்ட், பகலில் வலிக்காத அளவுக்கு மென்மையான அசைவு. வீக்கம் தணிந்துவிட்டால் என் ஓட்டு பயிற்சிக்கே. எதைத் தேர்ந்தாலும் மருந்தை நிறுத்தாதீர்கள். நோயை அடக்குவது அதுதான்.