பீன்யா மென்படலக் கூடத்தின் மின்முனைப் பணி: ஒரு மதிப்பீடு

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில், ஆய்வகங்களுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் மின்முனைகளைப் படியவைத்துத் தரும் ஒரு சிறிய கூடத்திடம், லெட் சிர்கோனேட் டைட்டனேட் என்னும் ஃபெர்ரோஎலெக்ட்ரிக் பொருளாலான (மின்புலத்தால் திருப்பக்கூடிய மின் முனைவாக்கத்தைத் தன்னுள் தக்கவைத்திருக்கும் பொருள்) எங்கள் மென்படலங்களை ஒப்படைத்திருந்தோம். இருபுறமும் வெறும் பிளாட்டினம் பூசிய மின்தேக்கிகள், பத்து லட்சம் முதல் பத்து கோடி முறை முனைவாக்கம் திருப்பப்படுவதற்குள் சோர்ந்துபோவது, அதாவது திருப்பக்கூடிய முனைவாக்கம் குறைந்துபோவது, இத்துறையில் நன்கு அறியப்பட்ட சிக்கல். எங்களுடையவையும் அப்படித்தான் சோர்ந்தன.

கூடத்தின் பொறியாளர் முதலில் கேட்டது எங்கள் படலத்தின் அனீலிங் (சூடேற்றிப் பதப்படுத்தும்) வெப்பநிலையை. அந்தக் கேள்வியிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. ஆக்சிஜன் வெற்றிடங்கள் (படிகத்தில் ஆக்சிஜன் அணு இல்லாத காலி இடங்கள்) மின்முனையை ஒட்டிய எல்லையில் குவிந்து, வெவ்வேறு திசையில் முனைவாக்கம் கொண்ட பகுதிகளைப் பிரிக்கும் டொமைன் சுவர்களை அசையவிடாமல் பிடித்துவைப்பதே சோர்வுக்குப் பெரிதும் சொல்லப்படும் காரணம். பிளாட்டினத்தால் அந்த வெற்றிடங்களுக்கு ஆக்சிஜன் கொடுக்க இயலாது. இரிடியம் ஆக்சைடு போன்ற கடத்தும் ஆக்சைடுகளால் இயலும். எனவே பிளாட்டினத்துக்கும் படலத்துக்கும் இடையே மெல்லிய இரிடியம் ஆக்சைடு அடுக்கைச் சேர்த்து, மேல் மின்முனையை ஸ்பட்டரிங் முறையில் (அயனிகளால் மோதி உலோக அணுக்களைப் பெயர்த்துப் படியவைத்தல்) பூசிய பின் ஆக்சிஜன் சூழலில் மீண்டும் அனீலிங் செய்தார்கள். ஸ்பட்டரிங்கின்போது படலத்தின் மேற்பரப்பில் ஏற்படும் சேதத்தை இந்த இரண்டாவது சூடேற்றல் பெருமளவு ஆற்றிவிடுகிறது.

படலங்களைத் தாங்கும் வட்டத் தகடான வேஃபரைச் சாய்த்துப் பார்த்தால் கீழ் மின்முனை கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது. பிளாட்டினத்தில் மேடுகள் எழும்போது தெரியும் சாம்பல் மங்கல் எங்கும் இல்லை. நுண்ணோக்கியில் மேல் மின்முனை வட்டங்களின் விளிம்பும் கூர்மையாகவே இருந்தது. முன்பு வளையம் சுருங்கிவிட்ட சுழற்சி எண்ணிக்கையைத் தாண்டியும் ஹிஸ்டெரிசிஸ் வளையம் (மின்னழுத்தத்துக்கு எதிராக முனைவாக்கத்தை வரையும்போது கிடைக்கும் மூடிய கோடு) இப்போது தன் உயரத்தை இழக்கவில்லை என்பதை எங்கள் மேசையிலேயே அளந்து கண்டபோது உண்மையிலேயே மகிழ்ந்தேன்.

குறை என்றால், அது அவர்கள் தரும் அறிக்கையில்தான் இருக்கிறது. ஆக்சைடு மின்முனைகளில் கசிவு மின்னோட்டம் (படலத்தின் ஊடே தேவையின்றிக் கசியும் மின்னோட்டம்) பிளாட்டினத்தைவிட அதிகமாக இருக்க வாய்ப்புண்டு. ஆனால் கேட்டால்தான் அந்தக் கசிவை அளந்த வரைபடத்தைத் தருகிறார்கள். சோர்வுச் சோதனையையும் ஒரே அதிர்வெண்ணில், ஒரே மின்னழுத்தத்தில் முடித்துவிடுகிறார்கள். இவை இரண்டும் மாறினால் சோர்வின் வேகமும் மாறும் என்பதால், உங்கள் சாதனம் இயங்கப்போகும் மின்னழுத்தத்தைச் சொல்லி, அதிலேயே சோதிக்கச் சொல்லுங்கள். பின்னர் ஹைட்ரஜன் கலந்த வாயுவில் சூடேற்றும் எண்ணம் இருந்தால் அதையும் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். பிளாட்டினம் ஹைட்ரஜன் மூலக்கூறுகளைப் பிளந்து படலத்துக்குள் அனுப்பிவிடும் என்பதால், அலுமினியம் ஆக்சைடுத் தடுப்பு அடுக்கு ஒன்றைத் தொடக்கத்திலேயே திட்டமிட வேண்டியிருக்கும்.