பொட்டாசியம் டெட்ராபோரேட் என்ற பெயரில் வெங்காரம்: சுங்கை சிப்புட் பட்டறைக்காரர்கள் கவனிக்கவும்

ஆலை வேலை, ஏர்கான் வேலை பார்க்கும் பட்டறைகளுக்கு இந்தப் பதிவு. பற்றவைப்புப் பசை குழைக்க வாங்கிய, பொட்டாசியம் டெட்ராபோரேட் என்று லேபிள் ஒட்டி வந்த 5 கிலோ வாளிக்குள் இருந்தது வெங்காரம் (போராக்ஸ்). விலை மட்டும் வெங்காரத்தைப் போலப் பல மடங்கு. விற்றவரைக் கேட்டால், "ரெண்டும் போரேட்தாண்ணே, ஒரே வேலைதான் செய்யும்" என்கிறார். செய்யாது.

வெள்ளிக் கம்பி வைத்துப் பற்றவைக்கும்போது பூசும் ஃபிளக்ஸ் பசையில் (உலோகத்தின் மேலுள்ள ஆக்சைடைக் கரைத்து, கம்பி உருகிப் பரவ உதவுவது) பொட்டாசியம் உப்புகளையே சேர்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. அவை தண்ணீரில் நன்றாகக் கரையும், பசை வழவழப்பாக நிற்கும். வெங்காரம் சோடியம் உப்பு. அது பசைக்குள் போனதும், கூட இருக்கும் ஃபுளோரைடோடு சேர்ந்து, எளிதில் கரையாத சோடியம் ஃபுளோரைடாகப் படிகிறது. இந்தச் சரக்கில் குழைத்த பசை மறுநாள் காலையில் டப்பாவுக்குள் மணல் மணலாக இறுகிக் கிடந்தது. பிரஷ்ஷில் தொட்டு ஸ்டெயின்லெஸ் குழாயில் பூசினால் திட்டுத் திட்டாகத்தான் ஒட்டியது. சூடு ஏறியதும் பொரி போலப் பொங்கி, தீயின் வேகத்தில் பறந்தது. பசை இல்லாத இடம் கறுத்துவிட்டது. அங்கே கம்பி பரவாமல் முத்து முத்தாக உருண்டு நின்றது. போதாததற்கு, சோடியத்தின் மஞ்சள் வெளிச்சத்தில் இணைப்பே கண்ணுக்குத் தெரியவில்லை. சூட்டின் நிறம் பார்த்து வேலை செய்பவருக்கு அது பெரிய இடைஞ்சல்.

"ஆசாரிமார் காலங்காலமாக வெங்காரம்தானே போடுகிறார்கள்?" என்று கேட்கலாம். தங்கத்துக்கும் செம்புக்கும் அது சரி. வெங்காரம் உருகுவதே 743 டிகிரியில்தான். தகரம் கலந்த 45 விழுக்காடு வெள்ளிக் கம்பியோ 680 டிகிரிக்குள் முழுக்க ஓடிவிடும். ஸ்டெயின்லெஸ்ஸின் மேலுள்ள குரோமியம் ஆக்சைடைக் கரைக்க ஃபுளோரைடும் வேண்டும். வெங்காரத்தை மட்டும் போட்டு ஒப்பேற்றினால், குளிர்ந்த பிறகு கண்ணாடி மாதிரி ஒட்டிக்கொண்டு சுத்தியலால் தட்ட வேண்டியிருக்கும்.

வாளியைத் திறந்த அன்றே சோதித்துப் பாருங்கள். 50 கிராம் தூளைப் பழைய இரும்புச் சட்டியில் (சமையலுக்குத் திரும்ப எடுக்காத சட்டி) பொங்கி அடங்கும்வரை நன்றாக வறுத்து, ஆறவிட்டு நிறுங்கள். பொட்டாசியம் டெட்ராபோரேட்டில் நான்கு நீர் மூலக்கூறுகள்தான். அதனால் 38 கிராம் மிஞ்ச வேண்டும். சாதாரண வெங்காரத்தில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர், மிஞ்சுவது 26, 27 கிராம். ஐந்து நீர் கொண்ட வெங்காரம் என்றால் 34, 35. எங்கள் தராசு காட்டியது 27.

அடுத்து, 12 கிராமை 100 மில்லி தண்ணீரில், சூடாக்காமல், அரை மணி நேரம் கலக்குங்கள். அசல் கரைந்துவிடும். வெங்காரம் பாதிக்குக் கிட்ட அடியில் தங்கும். தீயில் காட்டி நிறம் பார்ப்பதை மட்டும் நம்பாதீர்கள். கை வியர்வையின் உப்பு பட்டாலே மஞ்சள் வந்துவிடும்.

பணம் கொடுக்குமுன் பாதுகாப்புத் தகவல் தாளைக் கேளுங்கள். அபாயகரமான ரசாயனங்களுக்கு மலாய் மொழியிலும் ஆங்கிலத்திலும் அதைக் கொடுக்க வேண்டும் என்பது மலேசியாவின் 2013ஆம் ஆண்டு விதிமுறை. அதில் சி.ஏ.எஸ். எண் (ஒவ்வொரு ரசாயனத்துக்கும் உள்ள அடையாள எண்) 12045-78-2 இருந்தால் நான்கு நீர் கொண்ட பொட்டாசியம் டெட்ராபோரேட். 1303-96-4 வெங்காரம். எங்களுக்குத் தாள் வரவே இல்லை. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

ஏமாந்த சரக்கைச் செம்பனைக்குப் போட்டுவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். ஓலை நுனி கொக்கியாக வளையும் போரான் குறைக்கு வெங்காரம் போடுவது உண்மைதான். ஆனால் லேபிளே பொய்யான வாளியில் வேறென்ன கலந்திருக்கிறதோ, அதை மரத்தடியில் கொட்டாதீர்கள். போரான் கொஞ்சம் மிஞ்சினாலும் ஓலை கருகும்.

வாளி, லேபிள், ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காமல் வையுங்கள். பொய்யான விவரம் போட்டு விற்பது 2011ஆம் ஆண்டு வாணிப விவரிப்புச் சட்டப்படி குற்றம். புகாரை உள்நாட்டு வாணிப அமைச்சின் அலுவலகத்தில் கொடுக்கலாம். பிரிக்காத வாளி ஒன்று கையில் இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள்.