பன்றி நாடாப்புழு: கறியைச் சோதிப்பதா, பன்றிக்கே மருந்தா?

மேற்கு கென்யா, ஜாம்பியா கிராமங்களில் பன்றிகள் அவிழ்த்துவிட்டபடி மேயும். கழிப்பறை இல்லாத இடத்தில் மனித மலத்திலிருக்கும் நாடாப்புழு முட்டைகளைத் தின்றுவிடும். தசையில் நீர்க்கட்டிகள் வளரும். அரைவேக்காட்டுக் கறி தின்றவருக்குக் குடலில் புழு. அவர் மலத்திலுள்ள முட்டை யார் வாய்க்குப் போனாலும் மூளையில் கட்டி வந்து வலிப்பு நோயாகலாம். கறியே தொடாதவருக்கும்தான்!

கறிச் சோதனை எளிது: வெட்டுமிடத்தில் ஆய்வாளர் தசையைக் கீறிப் பார்ப்பார். ஆனால் கட்டிகள் குறைவாக இருந்தால் கண்ணில் படாது. வீட்டுக் கொல்லையில் வெட்டும் பன்றியை யார் பார்ப்பது? பிடிபட்டால் நஷ்டம் வளர்த்தவருக்கு; அப்புறம் அவர் ஏன் ஆய்வாளரிடம் கொண்டுபோகிறார்? வியாபாரிகளே நாக்கைத் தடவி, கட்டி தட்டுப்பட்டால் விலையைக் குறைப்பதும் உண்டு.

இன்னொரு வழி, பன்றிக்கு டிசால்18 தடுப்பூசியோடு ஆக்ஸ்ஃபெண்டசோல் என்ற புழு மருந்து. மருந்து ஒரே வேளை, கிலோவுக்கு 30 மில்லிகிராம்; இருக்கும் கட்டிகளைக் கொல்லும். ஊசி புதுத் தொற்றைத் தடுக்கும். இந்த ஊசி ஹைதராபாத்தில் தயாராகிறது. சிக்கல், ஊசி ஒரு தவணை போதாது. புதுக் குட்டிகள் பிறந்துகொண்டே இருக்கும். மருந்து கொடுத்த பன்றியைச் சில வாரம் வெட்டவும் கூடாது.

இருந்தாலும் என் ஓட்டு ஊசிக்கே. கூடவே மனிதருக்கும் புழு மருந்து கொடுக்கவேண்டும்.