மோன்த்ரோ ஒப்பந்தம் தந்த நீதிமன்றச் சேவை: ஒரு மதிப்பீடு

எகிப்தில் குடியிருந்த அயல்நாட்டவர், உள்ளூர் நீதிமன்றத்துக்குக் கட்டுப்படாமல் தத்தம் தூதரகத்தின் நிழலில் இருக்க வழிசெய்த 'கபிட்டுலேஷன்' சலுகைகள், சுவிட்சர்லாந்தின் மோன்த்ரோ நகரில் 1937 மே 8 அன்று கையெழுத்தான ஒப்பந்தத்தால் ரத்தாயின. சலுகை போன கையோடு அவர்களை நடுத்தெருவில் விடாதிருக்க, அயல்நாட்டவர் சம்பந்தப்பட்ட வழக்குகளை விசாரித்துவந்த கலப்பு நீதிமன்றங்களின் ஆயுள் 1949 அக்டோபர் 14 வரை நீட்டிக்கப்பட்டது. இந்தப் பன்னிரண்டு ஆண்டு இடைக்கால ஏற்பாட்டை ஒரு சேவையாக வைத்து எடைபோட்டால், ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருவேன்.

முதலில் நிறைகள். எகிப்திய அமைச்சர் நுபார் பாஷாவின் முயற்சியால் 1876-இல் வழக்குகளை ஏற்கத் தொடங்கிய இந்த நீதிமன்றங்கள் அலெக்சாந்திரியா, கெய்ரோ, மன்சூரா ஆகிய ஊர்களில் இயங்கின. எகிப்திய நீதிபதிகளும் அயல்நாட்டு நீதிபதிகளும் ஒரே அமர்வில் இருந்தனர். வழக்காடுவது பெரும்பாலும் பிரெஞ்சில். 1937-க்கு முன், ஒரே அடிதடியில் சிக்கிய கிரேக்கரும் இத்தாலியரும் ஆளுக்கொரு தூதரக நீதிமன்றத்தில் நிற்க வேண்டியிருந்தது. அதன்பின் குற்ற வழக்குகளும் கலப்பு நீதிமன்றத்துக்கே வந்தன. உள்ளூர்க்காரருக்கும் ஒரு பெரிய தொல்லை தீர்ந்தது. எகிப்தில் பதிவான நிறுவனமே ஆனாலும் அதில் அயல்நாட்டவர் பணம் இருந்தால், 'கலப்பு நலன்' என்று சொல்லி வழக்கைக் கலப்பு நீதிமன்றத்துக்கு இழுத்துவரும் பழக்கம் இருந்தது. இனி வழக்கில் நேரடியாக நிற்பவர்களின் குடியுரிமையை மட்டுமே பார்க்க வேண்டும் என்று விதி மாறியது.

குறை, வாக்குறுதியைச் செயல்படுத்தும் இடத்தில் இருக்கிறது. எகிப்தியச் சட்டங்கள், குறிப்பாக வரிச் சட்டங்கள், அயல்நாட்டவருக்குப் பாரபட்சம் காட்டா என்று ஒப்பந்தம் உறுதி கூறுகிறது. ஆனால் ஒரு சட்டம் அயல்நாட்டவருக்குச் செல்லுமா என்பதை நேரடியாகவோ சுற்றிவளைத்தோ தீர்மானிக்கும் அதிகாரம் கலப்பு நீதிமன்றங்களுக்குக் கிடையாது. பாதிக்கப்பட்டவர் தம் அரசின் தயவைத்தான் நாட வேண்டும். போதாக்குறைக்கு, சர்வதேசச் சட்டம் ஏற்கெனவே அங்கீகரித்த அளவைத் தாண்டும் எந்தப் பாதுகாப்பும் அதே 1949 தேதியோடு காலாவதியாகும். நீதிபதியும் உத்தரவாதமும் ஒரே நாளில் விடைபெறும் இந்த ஏற்பாட்டை வரைந்தவர்கள் அறியாமல் செய்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

இருந்தாலும் துருக்கியோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். அங்கும் இதே சலுகைகளை ஒழித்த 1923 லொசான் அமைதி ஏற்பாட்டில், ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் ஐரோப்பியச் சட்ட ஆலோசகர்கள் சிலரை அமர்த்துவதாகத் துருக்கி அறிவித்தது. அவர்கள் புகார்களைப் பெறலாம், தீர்ப்பு வழங்க முடியாது.

கைமாற்றிய விதத்தைப் பாராட்டியே ஆக வேண்டும். முடியாத வழக்குகள், எந்தக் கட்டத்தில் இருந்தனவோ அந்தக் கட்டத்திலேயே, புதுக் கட்டணமின்றித் தேசிய நீதிமன்றங்களுக்குப் போக வேண்டும் என்று ஒப்பந்தமே வகுத்திருந்தது. கலப்பு நீதிமன்றங்கள் மூடிய மறுநாளே, எகிப்தியச் சட்ட அறிஞர் சன்ஹூரி வரைந்த புதிய சிவில் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

பருத்தி வாங்கி விற்று, கணக்கை முடித்துக்கொண்டு ஊர் திரும்பும் வணிகருக்கு இந்தச் சேவை போதுமானது. அலெக்சாந்திரியாவிலேயே பிறந்து, பிரெஞ்சில் மட்டும் எழுதத் தெரிந்து, அங்கேயே முதுமையைக் கழிக்க நினைத்த அயல்நாட்டுக் குமாஸ்தாவுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.