பி பக்கத்தையும் காப்பாற்றித் தருகிற கசெற் கடை

கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட, ஏ9 வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு ஒழுங்கையில், பழைய கசெற்றுகளைப் பென் ட்ரைவுக்கு மாற்றித் தரும் கடை ஒன்று இருக்கிறது. வெளியில் போன் திருத்தும் பலகைதான் தொங்கும். கசெற் வேலை பின் அறையில். நான் கொண்டுபோனவை பெரியப்பாவினுடையவை. கொழும்பில் வேலை பார்த்த காலத்தில் அவர் பதிவு செய்வித்த ஆங்கிலப் பாட்டுகள்.

"ஐயா, இதெல்லாம் யூடியூப்பில கிடக்கு. ஏன் வீணாக் காசைக் குடுக்கிறியள்?" என்று கடைத் தம்பி பாதிக் கசெற்றுகளைத் திருப்பித் தந்துவிட்டார். தன் வருமானத்தைத் தானே குறைக்கும் கடைக்காரரை இந்தக் காலத்தில் எங்கே காண்கிறது? ஆனாலும் அமெரிக்க ரொக் அன்ட் ரோல் பாடகர் பில் ஹேலியின் கசெற்றை நான் விட்டுக்கொடுக்கவில்லை.

அதன் ஏ பக்கம் எல்லாரும் அறிந்ததுதான். 1954 இல் நியூயோர்க்கில் பதிவான 'ரொக் அரவுண்ட் த குளொக்' அடுத்த வருடம் ஒரு படத்தில் ஒலித்த பிறகு அமெரிக்காவில் முதலிடத்துக்கு ஏறியது. எல்விஸ் வந்ததும், முப்பது வயதைத் தொட்டிருந்த, நெற்றியில் சுருள் முடி விட்ட இந்த மனிதர் பின்னுக்குப் போய்விட்டார். சின்ன வயதிலேயே இடது கண் பார்வை இல்லை. ஆட்களின் பார்வை அங்கே போகாமல் இருக்கத்தான் அந்தச் சுருள் என்பார்கள்.

பெரியப்பாவுக்குப் பிடித்தது பி பக்கம். அதில் இருப்பது ஹேலியின் பிற்காலம். வரிக் கடன் கழுத்தை நெரிக்க, 60களில் மெக்சிக்கோவுக்குப் போய் ஓர்பியோன் என்ற இசைத்தட்டுக் கொம்பனிக்கு ஸ்பானிஷில் ட்விஸ்ட் ஆட்டப் பாட்டுகள் பாடினார். சொந்த நாட்டில் தேடுவாரில்லாத நேரத்தில் அங்கே அவை நன்றாக ஓடின. கிட்டத்தட்ட இருபது வருடம் பக்கத்தில் நின்று சாக்ஸபோன் வாசித்த ரூடி பொம்பிலி 1976 இல் புற்றுநோயால் இறந்தார். அப்புறம் கொஞ்சக் காலம் மேடைப் பக்கமே இல்லை. 1979 இல் திரும்பி வந்து சோனெற் கொம்பனிக்குக் கடைசி இசைத்தட்டைச் செய்தார். அதே நவம்பரில் இரண்டாம் எலிசபெத் மகாராணி முன்னால் பாடினார். 1981 பெப்ரவரி 9 ஆம் திகதி, டெக்சாஸ் ஹார்லிஞ்சனில், 55 வயதில் போய்ச் சேர்ந்தார். கடைசி மாதங்களில் மனம் குழம்பி, சாமத்தில் பழைய ஆட்களுக்குப் போன் எடுத்துக் கதைப்பாராம்.

சரி, கடையின் வேலைக்கு வருவோம். இடம்பெயர்ந்தபோது பொலித்தீனில் சுற்றித் தாட்டுவிட்டுப் போய், மீள்குடியேறிய பிறகு கிண்டி எடுத்த கசெற் இது. நாடாவில் வெள்ளைப் பூஞ்சணம். கூடோ திருகாணி இல்லாத, ஒட்டிய கூடு. தம்பி பிளேட்டால் விளிம்பைக் கீறிப் பிரித்து, நாடாவைத் துடைத்து, திருகாணி உள்ள வேறு கூட்டுக்கு மாற்றினார். நாடாவை ஹெட்டோடு, அதாவது நாடாவிலிருந்து சத்தத்தை எடுக்கிற பாகத்தோடு, அமத்துகிற சின்னப் பஞ்சு உதிர்ந்து போயிருந்தது. அதையும் இன்னொரு கசெற்றில் இருந்து கழற்றிப் போட்டார். பிறகு ஹெட் பக்கத்துத் திருகாணியை மயிரளவாகத் திருப்பித் திருப்பி, ஹெட்போனில் சிம்பல் சத்தம் தெளிந்த பிறகுதான் பதிவையே தொடங்கினார்.

90களில் வன்னியில் கரண்டும் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவில் பாட்டுக் கேட்ட ஆட்கள் நாங்கள். பெடல் சுற்றுகிறவனுக்குக் கை ஓய்ந்தால் ஹேலியும் இழுத்து இழுத்துப் பாடுவார். அதனால் கடைசிக் காலத்துப் பாட்டெல்லாம் கிழட்டுக் குரல் என்றே என் மனதில் பதிந்திருந்தது. சரியான வேகத்தில் கேட்டால் ஆள் வேறு. குரல் கொஞ்சம் தடித்திருக்கிறதே தவிர தாளத்தை விட்டு விலகவில்லை. கிட்டார்தான் எனக்குச் சப்பென்று இருக்கிறது. ஏ பக்கத்துக் கிட்டாரின் துள்ளல் அதில் இல்லை. ஸ்பானிஷ் பாட்டுகள் அருமை. ஒரு சொல்லும் விளங்காமல் பேரன் ஆடுகிறான்.

குறை இல்லாமல் இல்லை. முதல் தந்த கொப்பியில் இரைச்சல் நீக்குகிறேன் என்று மென்பொருளால் வழித்துவிட்டார். சாக்ஸபோன் கிணற்றுக்குள் இருந்து ஊதினது மாதிரி வந்தது. சொன்னதும் முகம் சுளிக்காமல், இரைச்சலோடேயே திரும்பப் பதிந்து தந்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. பாட்டுகளைக் கணினியே வெட்டுவதால் நடுவில் மௌனம் வரும் பாட்டு ஒன்று இரண்டு துண்டாகிப் போனது. பாட்டின் பெயரும் எழுதித் தருவதில்லை, வெறும் இலக்கம்தான். நாளைக்கு என்றால் அடுத்த கிழமை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கசெற் ஒன்றுக்கு 800 ரூபா. பூஞ்சணம் பிடித்ததென்றால் 1,500. எம்பி3 மட்டும் போதுமென்று விடாமல், ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பும் கேளுங்கள், மேலதிகக் காசு இல்லை. பென் ட்ரைவை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். அங்கே விற்கிறது விலை கூட.