கொழும்புக் காற்றில் ஒரு றிமோட் விமானம்

வெள்ளவத்தையில் இருந்துகொண்டு றிமோட் விமானம் வைத்திருக்க முடியுமா என்று கேட்கிறார்கள். முடியும். என்னிடம் இருப்பது ஹொபிசோன் ஏரோஸ்கவுட், இறக்கை 1.1 மீட்டர். இரண்டு வருடத்துக்கு மேலாகப் பறக்கவிட்ட பிறகும் முதல் விமானமாக இதைத்தான் சொல்வேன். இறக்கை மேலே இருப்பதால் தானாக நிமிரப் பார்க்கும். விசிறி பின்பக்கம் இருப்பதால் மூக்குக் குத்தினாலும் அது பெரும்பாலும் தப்பிவிடும்.

உள்ளே சமநிலைக் கருவி இருக்கிறது. புதியவருக்கான தொடக்க நிலையில் வைத்திருந்தால், றிமோட்டின் குச்சியை விட்டால் போதும், விமானம் நேராகிவிடும். ஆனால் காற்றை அது தடுக்காது. இறக்கை நேராக இருக்க, விமானம் அப்படியே காற்றோடு போய்க்கொண்டிருக்கும். அதனால் கொழும்பில் எந்த நேரம் பறக்கவிடுகிறோம் என்பதுதான் பெரிய விஷயம். வெயில் ஏற ஏறக் கடற்காற்று கிளம்பிவிடும், எனவே விடிந்ததும் போய்விடுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அந்த மாதங்களில் என் விமானம் அநேகமாக அலுமாரிக்கு மேல்தான். மார்ச், ஏப்ரல் காலைகள் அருமை.

காலிமுகத்திடல் வேண்டவே வேண்டாம். சனம், குழந்தைகள், பட்ட நூல். தெற்கே போனால் இரத்மலானை விமான நிலையம், அந்தப் பக்கமும் கூடாது. நகருக்கு வெளியே பெரிய வெற்று வெளியாகப் பார்த்து, காணிக்காரரிடம் கேட்டு, சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகளையும் பார்த்துவிட்டுப் போங்கள்.

போன இடத்தில் அவசரம் வேண்டாம். முதலில் றிமோட்டைப் போடுங்கள், அப்புறம்தான் விமானத்தின் பற்றரியை இணையுங்கள். கழற்றும்போது பற்றரி முதலில், றிமோட் கடைசியில். இரண்டு விரல் நுனிகளை இறக்கைக்கு அடியில், கையேடு காட்டும் இடத்தில் வைத்துத் தூக்குங்கள். மூக்கு மட்டமாக அல்லது ஒரு துளி கீழே சாய்ந்து நிற்க வேண்டும். வால் தொங்கினால் பற்றரியை முன்னே தள்ளுங்கள். வால் கனத்த விமானம் புதியவர் கைக்கு அடங்காது. அடுத்து, விமானத்துக்குப் பின்னால் நின்று குச்சியை வலப்பக்கம் தள்ளுங்கள். வலது இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடல் மேலே எழும்ப வேண்டும், இடது மடல் இறங்க வேண்டும். குச்சியை விட்டுவிட்டு விமானத்தைக் கையால் வலப்பக்கம் சாய்த்தால் வலது மடல் கீழே போக வேண்டும். கருவி நிமிர்த்தப் பார்க்கிறது என்று அர்த்தம். இதில் ஒன்று மாறியிருந்தாலும் அன்று பறக்கவிடாதீர்கள்.

ஏறுவதும் இறங்குவதும் காற்றுக்கு எதிரே. காற்று வரும் பக்கத்திலேயே விமானத்தை வைத்திருங்கள், கை தடுமாறினாலும் உங்கள் பக்கம்தான் வரும். அது உங்களை நோக்கி வரும்போது இடம் வலம் மாறித் தெரியும். எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளுங்கள், நிமிர்ந்துவிடும். எனக்குப் பயம் போனது இந்த ஒரு வழியால்தான்.

பற்றரி மூன்று செல் லித்தியம் பொலிமர், 2200 மில்லி அம்பியர் மணி. செல்லுக்கு 4.2 வோல்ற் நிறைந்த அளவு. பறக்காத வாரங்களில் 3.8இல் வையுங்கள், நிறைத்தபடி வைத்தால் வீங்கும். வீங்கியதை மறுபடி சார்ஜ் பண்ணாதீர்கள். சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கவும் கூடாது, மாடி வீட்டில் தீ என்றால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஆபத்து. வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள்ளும் விடாதீர்கள்.